செம்பேனுக்கு வாசனைத் தைலம்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது?

கேள்வி: நாமகிரிப்பேட்டை பக்கம் இரண்டு ஏக்கரில் குங்கும ரோஸ் ரக மரவள்ளி (குச்சிக்கிழங்கு) போட்டிருக்கிறேன். சொட்டு நீர்ப் பாசனம். ஐந்தாம் மாதம் நடக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து அடி இலைகள் மஞ்சளாகி, அப்புறம் செம்மண் தூவியதுபோல் நிறம் மாறி உதிர்கின்றன. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தேன். ஒரு வாரம் தெளிந்த மாதிரி தெரிந்தது. பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது. செம்பேன் என்கிறார்கள். யூகலிப்டஸ் தைலமும் எலுமிச்சைப்புல் தைலமும் கலந்து அடித்தால் ஒரே அடியில் போய்விடும், இயற்கைப் பொருள் என்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? எவ்வளவு கலக்க வேண்டும்? செலவு கட்டுமா?

– மரவள்ளி விவசாயி, நாமகிரிப்பேட்டை

பதில்: தைலம் செம்பேனைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே அடியில் போகாது. செடிக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. இரண்டு ஏக்கர் முழுக்க அடித்தால் செலவும் கட்டாது. அப்படியானால் தைலத்தை ஒதுக்கிவிடலாமா என்றால் அதுவும் வேண்டாம். அதற்கென்று ஓர் இடமும் ஒரு நேரமும் இருக்கிறது.

முதலில் வந்திருப்பது செம்பேன்தானா என்று உறுதி செய்யுங்கள். நம் பக்கத்தில் மரவள்ளி இலை மஞ்சளானால் மூன்று காரணங்கள் இருக்கலாம். தேமல் நோய் என்றால் இளம் இலையே திட்டுத் திட்டாக வெளுத்து, கோணலாகச் சுருங்கியிருக்கும். மாவுப்பூச்சி என்றால் நுனிக் குருத்து குட்டையாகிக் கொத்துப்போல் நிற்கும், வெள்ளை மாவு படிந்திருக்கும். செம்பேன் பெரும்பாலும் முற்றிய அடி இலையில்தான் தொடங்கும். நடு நரம்பை ஒட்டி ஊசி குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தெரியும். இலையைத் திருப்பி, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சிவப்புப் புள்ளிகள் எட்டுக் காலில் நகரும். நரம்பின் மடிப்பில் கண்ணாடி மணிபோல் உருண்டை முட்டைகள் இருக்கும். வெள்ளையாகச் செதில்போல் ஒட்டியிருப்பவை பேன் உரித்துப்போட்ட தோல்கள். லென்ஸ் இல்லையென்றால் இலையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால், விரலால் தேய்க்கும்போது செம்பழுப்புக் கறை விழுந்தால், அது செம்பேன்தான்.

அடுத்து, கடை மருந்து ஏன் தோற்றது? செம்பேன் பூச்சி இனமே அல்ல. சிலந்தி, உண்ணி வகையைச் சேர்ந்தது. வெள்ளை ஈக்கும் புழுவுக்கும் அடிக்கும் பல மருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது. மாறாக, செம்பேனைத் தின்று வாழும் பிராணிகளைக் கொன்றுவிடும். மிளகில் பாதிகூட இல்லாத ஒரு கருப்புப் பொறிவண்டு உண்டு. அதுவும் அதன் புழுவும் நாள் முழுக்கச் செம்பேனையும் முட்டையையும் தின்றுகொண்டே இருக்கும். செம்பேனைவிட வேகமாக ஓடும் இரைவிழுங்கிப் பேன்களும் உண்டு. பைரித்ராய்டு வகை மருந்தோ இமிடாகுளோபிரிடோ அடித்த வயலில் இவை போய், செம்பேன் மட்டும் மிஞ்சிப் பெருகுவதை உலகெங்கும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வயலிலும் அதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, செம்பேன் மருந்துக்குப் பழகும் வேகம். 90-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றதாகப் பதிவான உயிரி இது. சேலம், நாமக்கல் வெயிலில் முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த முட்டையிட 8 முதல் 10 நாள் போதும். ஒரு பெண் பேன் வாழ்நாளில் நூறு முட்டைவரை இடும். ஆண் சேராவிட்டாலும் முட்டையிடும். அவை ஆணாகப் பொரியும். ஆக, தப்பிய ஒன்றிரண்டு பேனே ஒரு மாதத்தில் வயலை நிரப்பிவிடும். ஒரு தலைமுறையாகச் செம்பேன் என்றாலே நம் ஆட்கள் கை நீட்டிய டைக்கோபால் மருந்துக்கு மத்திய அரசு 2023-ல் தடை விதித்துவிட்டது. அதனால்தான் தைலத்தின்மேல் இப்போது இவ்வளவு பேச்சு.

தைலம் எப்படிக் கொல்கிறது?

செடி தன் இலையில், பட்டையில், விதையில் சேர்த்துவைத்திருக்கும் ஆவியாகும் பொருள்களை நீராவியில் வடித்து எடுத்தால் தைலம். யூகலிப்டஸில் சினியோல், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு முக்கியப் பொருள் உண்டு. அதோடு சிறு அளவில் வேறு பல பொருள்களும் சேர்ந்திருக்கும். இவை பேனின் மேல்தோலில் உள்ள மெழுகைக் கடந்து உள்ளே போகின்றன. அதன் நரம்பு மண்டலத்தில் செய்தி கடத்தும் இடங்களைக் குழப்புகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் ஒன்றான ஆக்டோபமைன் ஏற்பி பூச்சிகளுக்கும் பேன்களுக்கும் முக்கியமானது. மனிதனுக்கும் கால்நடைக்கும் அவ்வளவு முக்கியமில்லை. தைலம் நமக்குக் குறைந்த ஆபத்து என்பதற்கு ஒரு காரணம் அது. பல பொருள்கள் சேர்ந்து தாக்குவதால், ஒற்றை மருந்துக்குப் பழகுவதுபோல் செம்பேன் இதற்குச் சீக்கிரம் பழகாது என்ற எதிர்பார்ப்பும் உண்டு. ரோஸ்மேரி தைலத்தைப் பிரித்து ஆராய்ந்த கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், பிரித்தெடுத்த பொருள்களைத் தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்ந்திருக்கும்போதுதான் வீரியம் என்று 2006-லேயே காட்டினார்கள்.

இனி அதன் பலவீனம். ஆவியாகும் குணம்தான் தைலத்தின் பலம். வயலில் அதுவே குறையும்கூட. காலையில் அடித்தால் மாலைக்குள் பெரும்பகுதி காற்றில் போய்விடும். இலையில் எதுவும் தங்காது. ஆகவே தைலம் பட்ட பேன் சாகும், படாதது சாகாது. முட்டைக்குள் இருப்பதில் பெரும்பகுதி தப்பிவிடும். நான்கைந்து நாளில் அது பொரிந்து வெளியே வரும்போது அதைக் கொல்ல இலையில் மருந்து இருக்காது. அதனால் ஒரே அடி என்ற பேச்சுக்கே இடமில்லை. 5 நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால்தான் பொரிந்து வருபவை முட்டையிடும் முன்பே அகப்படும்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தேனீ வளர்ப்பு நல்ல உதாரணம். தேனீயின்மேல் தொற்றும் வரோவா என்ற உண்ணிக்கு, ஓமத்தில் இருக்கும் அதே தைமாலைக் களிம்பாகப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பல நாடுகளில் இது பழகிப்போன சிகிச்சை. மூடிய பெட்டிக்குள் ஆவி வாரக்கணக்கில் தங்குகிறது என்பதால் அங்கே பலிக்கிறது. மாசிக் காற்றடிக்கும் திறந்த மரவள்ளிக் காட்டில் அதே ஆவி நிமிடக் கணக்கில் கலைந்துவிடும்.

கலக்கும் அளவும் முறையும்

புதிதாகத் தொடங்குபவர் லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 3 மில்லி தைலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் டேங்குக்கு 20 முதல் 30 மில்லி. எந்தக் காரணத்துக்காகவும் லிட்டருக்கு 5 மில்லியைத் தாண்ட வேண்டாம். கிராம்புத் தைலத்தை அதிக அளவில் கலந்து களைக்கொல்லியாகவே வெளிநாடுகளில் விற்கிறார்கள் என்றால், ‘செடிக்கு ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சின் லட்சணம் உங்களுக்கே புரியும். முதலில் நான்கு செடிக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் காத்திருங்கள். இலை ஓரம் கருகினால் அளவைக் குறையுங்கள்.

தைலம் தண்ணீரில் கரையாது. சும்மா ஊற்றினால் மேலே மிதக்கும். டேங்கில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் தைலமும் வரும். கடைசி வரிசைச் செடி கருகும். சோப்புக் கரைசலில் குழைத்துக் கலக்கச் சொல்வார்கள். ஆனால் நம் மாவட்டங்களில் பல போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் சோப்பு திரிந்து தயிராகிவிடும், எண்ணெய் பிரிந்துவிடும். இதைச் சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து, சோப்பும் தைலமும் அதே அளவில் போட்டுக் குலுக்கி, 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். பால்போல் கலங்கியே இருந்தால் சரி. மேலே எண்ணெய் வளையம் கட்டினால் அந்தக் கலவையை அடிக்காதீர்கள். சோப்புக்குப் பதில் டீப்பால் அல்லது கடையில் கிடைக்கும் அயனியில்லா ஒட்டும் திரவத்தை லிட்டருக்கு 1 மில்லி சேர்த்துப் பாருங்கள். அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

முதலில் டீப்பாலையும் தைலத்தையும் ஒரு குவளையில் நன்றாகக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்தபின், காற்று ஓய்ந்த மாலையில் அடியுங்கள். குழாய் முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். கந்தகத் தூள் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழியாமல் எந்த எண்ணெயும் அடிக்கக் கூடாது; இலை பொசுங்கிவிடும். சுத்தத் தைலம் தோலை எரிக்கும், கண்ணைக் கெடுக்கும், தெளிப்பான் வாஷரை ஊறவைத்துப் பாழாக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் கழுவிவையுங்கள். யூகலிப்டஸ் தைலம் சில மில்லி வயிற்றுக்குள் போனால்கூடச் சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம், பாட்டிலைப் பூட்டிவையுங்கள்.

செலவு கட்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மாத மரவள்ளிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலாவது வேண்டும். இரண்டு ஏக்கருக்கு 400 லிட்டர். லிட்டருக்கு 3 மில்லி என்றால் ஒரு சுற்றுக்கு 1.2 லிட்டர், மூன்று சுற்றுக்கு 3.6 லிட்டர் சுத்தத் தைலம். அதன் விலையோடு, ஆள் உயரம் வளர்ந்த காட்டுக்குள் புகுந்து இலைக்கு அடியில் அடிக்கும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். கிழங்கு ஆலை கொடுக்கும் விலையில் அது கட்டுபடியாகாது.

ஆனால் செம்பேன் முதல் நாளே இரண்டு ஏக்கரிலும் வருவதில்லை. பெரும்பாலும் மண் பாதையோரம் புழுதி படியும் வரிசையில், காற்று வரும் பக்கத்தில், தண்ணீர் சரியாகப் பாயாத மூலையில் தொடங்கும். அந்த ஐந்து, பத்து சென்ட்டை அப்போதே பிடித்துவிட்டால் கைத்தெளிப்பானும் 100 மில்லி தைலமும் ஒரு சுற்றுக்குப் போதும். தைலத்தின் இடம் அதுதான்: ஆரம்பத்தில், ஓரத்தில், திட்டாக.

காடு முழுக்கப் பரவிவிட்டதற்கு முதல் மருந்து தண்ணீர். திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளிச் செம்பேனுக்குப் பல காலமாகச் சொல்லிவருவது, 10 நாளுக்கு ஒரு முறை இலை வழிய வழியப் பச்சைத் தண்ணீரை அடியுங்கள் என்பதுதான். செம்பேனுக்கு வறட்சியும் புழுதியும்தான் சொர்க்கம். பவர் ஸ்பிரேயரில் அழுத்தமாக அடிக்கும் தண்ணீர், செம்பேன் கட்டும் நூலாம்படையைக் கிழிக்கும், பேனைக் கீழே தள்ளும், புழுதியைக் கழுவும். பொறிவண்டுக்கும் கெடுதல் குறைவு. சொட்டு நீர் வயலில் மண் நனைந்தாலும் இலை நனைவதில்லை என்பதால் உங்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது: பூச்சிமருந்தை நிறுத்துங்கள். பழுத்துத் தொங்கும் அடி இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். முழு வயலுக்கும் தண்ணீர் அடியுங்கள். பாதையோர வரிசைகளுக்கு மட்டும் மாலையில் தைலம், 5 நாள் இடைவெளியில் மூன்று முறை. கோடை மழை ஒன்று பிடித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எட்டு மாதத்துக்கு மேல் ஆன காட்டில் செம்பேன் வந்தால் எதையும் அடிக்க வேண்டாம். கிழங்கு பெருத்துவிட்டது, இலை எப்படியும் உதிரும்.

கேள்வி: வேப்பெண்ணெய் கையிலேயே இருக்கும்போது விலை கொடுத்துத் தைலம் எதற்கு?

– வாசகர், ஆத்தூர்

பதில்: நியாயமான கேள்வி. வேப்பெண்ணெய் செக்கில் ஆட்டி எடுக்கும் கெட்டி எண்ணெய், ஆவியாகாது. இலையில் படலமாகத் தங்கிப் பேனையும் முட்டையையும் மூச்சடைக்கும். அதிலுள்ள அசாடிராக்டின் பேனின் உணவையும் முட்டையிடுதலையும் குறைக்கும். பலன் மெதுவாகத் தெரியும், ஆனால் நின்று வேலை செய்யும். தைலம் அன்றே தள்ளும், ஆனால் நிற்காது. பெரும்பாலான சிறு விவசாயிக்கு 3 சத வேப்பெண்ணெய், அதாவது லிட்டருக்கு 30 மில்லியும் ஒட்டும் திரவமும் போதும். பேன் அடர்ந்து நூலாம்படை கட்டிய திட்டுக்கு முதல் சுற்று தைலம், அடுத்த சுற்று வேப்பெண்ணெய் என்று மாற்றி அடிப்பது இரண்டின் பலனையும் தரும். இரண்டையும் ஒரே டேங்கில் முழு அளவில் கலக்காதீர்கள். வெயில் காலத்தில் இலை தாங்காது.

கேள்வி: தைலம் வாங்காமல் நொச்சி, துளசி, யூகலிப்டஸ் இலையை வீட்டிலேயே கொதிக்கவைத்து அடிக்கலாமா?

– இயற்கை விவசாயி, மல்லசமுத்திரம்

பதில்: திறந்த அண்டாவில் கொதிக்கவைக்கும்போது ஊரே மணக்கிறதல்லவா? மணம் வெளியே போகிறது என்றால் தைலம் வெளியே போகிறது என்று பொருள். மிஞ்சுவது கசப்புச் சாறு. அதற்கும் கொஞ்சம் பலன் இருக்கலாம்; தைலத்தின் பலனை அதில் எதிர்பார்க்காதீர்கள். மணமுள்ள இலைகளை இடித்து, மூடிய பாத்திரத்தில் கோமியத்திலோ தண்ணீரிலோ ஊறவைத்து வடிகட்டுவது இதைவிட மேல். அப்படிச் செய்தாலும் ஒவ்வொரு முறையும் வீரியம் ஒரே மாதிரி இருக்காது. இலையின் முதிர்ச்சி, பருவம், வெயில் எல்லாம் தைல அளவை மாற்றும். புதுக் கரைசலை எப்போதும் நான்கு செடியில் அடித்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் காட்டில் மாவுப்பூச்சியும் இருக்கிறது. அதற்கு ஒட்டுண்ணிக் குளவி விட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். தைலம் அடித்தால் குளவி சாகுமா?

– மரவள்ளி விவசாயி, தலைவாசல்

பதில்: மேலே பட்டால் சாகும். தைலத்துக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் தெரியாது. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் மரவள்ளியை நாசமாக்கிய மாவுப்பூச்சிக்கு எதிராக, அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலில் விட்டார்கள். அந்தக் குளவியைக் காப்பது உங்கள் காட்டுக்கு எந்தத் தைலத்தையும்விட லாபம்.

இங்கே தைலத்தின் பலவீனமே உதவுகிறது. ஒரு நாளில் ஆவியாகிப் போவதால், அடுத்த நாள் பக்கத்து வரிசையிலிருந்து வரும் குளவிக்கு இலையில் ஆபத்து இருக்காது. நாள்கணக்கில் தங்கும் ரசாயன மருந்தில் அப்படி இல்லை. ஆகவே முழு வயலை ஒரே நாளில் நனைக்காமல், செம்பேன் இருக்கும் திட்டுக்கு மட்டும் அடி இலையில் அடியுங்கள். மாவுப்பூச்சி இருக்கும் நுனிக் குருத்தை விட்டுவிடுங்கள். குளவி வேலை செய்வது அங்கேதான்.

கேள்வி: நாங்கள் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். கோழி மேல் சிறு பேன் ஊர்கிறது. முட்டை எடுக்கும் பெண்கள் கையெல்லாம் அரிப்பு என்கிறார்கள். மூலிகைத் தைலம் என்று ஒரு கரைசலைக் கொண்டுவந்து, கோழி மேலேயே அடிக்கலாம், முட்டைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?

– பண்ணையாளர், நாமக்கல்

பதில்: அடிக்கும் முன் 2017-ல் ஐரோப்பாவில் நடந்ததைக் கேளுங்கள். நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் கோழிச் செம்பேனை ஒழிக்க டெகா-16 என்ற கரைசலை அடித்தார்கள். யூகலிப்டஸ், மெந்தால் கலந்த இயற்கைத் தயாரிப்பு என்றுதான் அதை விற்றார்கள். சோதித்துப் பார்த்தால் அதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்த அங்கே அதற்கு அனுமதியே இல்லை. முட்டையில் மருந்து இறங்கியது. பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள், பண்ணைகளை மூடினார்கள், கோழிகளை அழித்தார்கள். பாதிக்கப்பட்ட பண்ணையாளர்களில் பலர் இயற்கைத் தைலம் என்று நம்பியே அடிக்கவிட்டவர்கள். முட்டையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாமக்கல்லுக்கு இது பாடம். தைலம் அடித்த மறுநாளே ஒரு பேன்கூட இல்லாமல், வாரக்கணக்கில் திரும்பியும் வராமல் இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். வெறும் தைலத்துக்கு அந்தச் சக்தி கிடையாது.

அடுத்து, உங்களுடையது எந்தப் பேன் என்று பாருங்கள். ஒரு வகை பகலில் கூண்டுக் கம்பி இணைப்பிலும் தீவனத் தொட்டியின் கொக்கியிலும் ஒளிந்திருந்து இரவில் மட்டும் கோழிமேல் ஏறி ரத்தம் குடிக்கும். இது தீனி இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இன்னொரு வகை இரவும் பகலும் கோழிமேலேயே, எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகில் இருக்கும். இறகு அழுக்கேறிக் கருத்துத் தெரியும். இரவு விளக்கோடு கொட்டகைக்குள் போய் இரண்டு இடத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் வகைக்குத் தைலம் ஓரளவு உதவும். ஒரு தொகுதிக் கோழிகள் வெளியேறி, கூண்டு காலியாக இருக்கும்போது தூசியையும் எச்சத்தையும் சுரண்டிக் கழுவிவிட்டு, இணைப்புகளில் தைலக் கரைசலை ஊறவிடுங்கள். இடுக்குக்குள் ஆவி கொஞ்சம் தங்குவதால் அங்கே பலிக்கும். 5 முதல் 7 நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். கோழி நிறைந்த கொட்டகையில், அதுவும் பங்குனி, சித்திரை வெயிலில், கோழிமேல் தைலம் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூச்சிரைப்பில் இருக்கும் கோழிக்குக் கார ஆவி கூடுதல் சுமை. முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு; வாசனை உள்ளே இறங்கும். இரண்டாம் வகைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேனைக் காட்டி, முட்டையிடும் கோழிக்கு அனுமதி உள்ள மருந்தையும், எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தென்னையில் காய் சொறி பிடித்துச் சிறுக்கிறது. ஈரியோபைட் என்கிறார்கள். அதற்குத் தைலம் உண்டா?

– தென்னை விவசாயி, பரமத்தி வேலூர்

பதில்: அதுவும் பேன் வகைதான், ஆனால் செம்பேனைவிடச் சிறிது, கால் மில்லிமீட்டர், புழுபோல் நீண்டது. 1998 வாக்கில் கேரளத்தில் தெரிந்து உடனே தமிழ்நாட்டுக்குள் வந்தது. குரும்பையின் தொப்பிக்கு அடியில் ஒளிந்து சுரண்டுவதால் எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டாது. மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைப்பது வேப்பெண்ணெய், பூண்டுக் கலவை: 10 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டுச் சாறு, 50 கிராம் பார் சோப்பு. பூண்டின் காரமான கந்தகத் தைலம் உடனே தாக்க, வேப்பெண்ணெய் தொப்பி ஓரத்தில் தங்கி மீதியைப் பார்த்துக்கொள்ளும். இளங்குலைகளில் தொப்பியை ஒட்டி, ஆண்டுக்கு மூன்று முறை அடிக்க வேண்டும். முற்றிய காய்க்கு அடிப்பது வீண். மரத்துக்கு எருவும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொண்டால் சொறி இருந்தாலும் காய் எடை அவ்வளவாகக் குறையாது.

கேள்வி: கடையில் வாங்கும் தைலம் சுத்தமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

– வாசகர், ஓமலூர்

பதில்: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு நிழலில் ஒரு நாள் வையுங்கள். யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் போன்ற தைலம் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய்க் கறை இருக்காது. பலகாரத் தாள்போல் எண்ணெய் பிசுக்கு நின்றால் சமையல் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. டர்பன்டைன் கலப்பையும் பூச்சிக்கொல்லிக் கலப்பையும் இந்தச் சோதனை காட்டாது. அதனால் பூச்சிமருந்தாக விற்கும் எந்தப் பாட்டிலிலும் உள்ளடக்கமும் அதன் சதவீதமும், மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண்ணும், தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நூறு சதம் இயற்கை’ என்ற எழுத்து பதிவு எண் ஆகாது. வாங்கும்போது பில் கேளுங்கள். பயிருக்கோ கோழிக்கோ பாதிப்பு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வார்த்தை. எந்த மருந்தை வாங்கும் முன்பும் பாதித்த பத்து இலையைப் பாலித்தீன் பையில் கட்டி, வாடும் முன் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கோ, சந்தியூர் அல்லது நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பேனா, பூச்சியா, நோயா என்று தெரிந்த பிறகு வாங்கும் மருந்துதான் காசுக்கு வேலை செய்யும்.